நேரம் இல்லாதவர்களின் கீரை

வீட்டுத் தோட்டம் பட்டுப்போவதற்குப் பூச்சி, மண், வெயில், பக்கத்து வீட்டு ஆடு என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். ஆனால் பல வீடுகளில் உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். நேரம் இல்லை. ஆரம்பிக்கும் வாரத்தில் எல்லோருக்கும் நேரம் இருக்கும். விதைப் பாக்கெட், பூவாளி, புது மண்வெட்டி, குறிப்பெழுத ஒரு நோட்டு எல்லாம் வந்துவிடும். ஆறாவது வாரத்தில் பரீட்சை வரும், இல்லாவிட்டால் ஓவர்டைம் வரும், அதுவும் இல்லாவிட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வரும். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் தக்காளி வாடியிருக்கும், கொத்தமல்லி பூத்திருக்கும், களை மட்டும் ஜம்மென்று நிற்கும்!

ஆகவே தோட்டம் போட நினைப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, "என்ன காய் பிடிக்கும்?" என்பதைவிட, "பத்து நாள் எட்டிப் பார்க்காவிட்டாலும் எது உயிரோடு இருக்கும்?" என்பதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பல நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கேல்.

யார் இந்த கேல்?

தமிழில் சிலர் இதைப் பரட்டைக்கீரை என்று எழுதுகிறார்கள். நல்ல பொருத்தமான பெயர். இலையின் ஓரம் முழுக்கச் சுருண்டு சுருண்டு, எண்ணெய் கண்டே பல மாதம் ஆன தலை மாதிரி இருக்கும். முட்டைக்கோஸ் (இலங்கையில் கோவா), காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், கேல் ஆகிய ஐந்தையும் கடையில் பார்த்தால் ஐந்து ஊர்க்காரர்கள் போலத் தெரியும். தாவரவியலில் ஐந்தும் ஒரே இனம். பிராசிக்கா ஒலரேசியா என்பது அதன் பெயர். ஒரே செடியை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக ஒருவர் மொட்டைப் பெருக்க வைத்தார், ஒருவர் பூவைப் பெருக்க வைத்தார், ஒருவர் தண்டை உருட்டினார். கேல் மட்டும் இலையோடு நின்றுவிட்டது.

அப்படி நின்றுவிட்டதில்தான் அதன் சௌகரியமே இருக்கிறது. காலிஃபிளவர் ஒரு நாள் பயிர். பூ திரண்ட சில நாளில் வெட்டவேண்டும். தவறவிட்டால் பூ விரிந்து வீணாகிவிடும். முட்டைக்கோஸும் முற்றினால் வெடிக்கும். இரண்டுமே "இன்றைக்கு வா" என்று கூப்பிடும் பயிர்கள். கேல் யாரையும் கூப்பிடாது. உச்சியில் புது இலை விட்டுக்கொண்டே இருக்கும், அடியில் இருக்கும் இலையை நாம் முறித்துக்கொள்ளலாம். இந்த வாரம் வரவில்லையா? பரவாயில்லை, அடுத்த வாரம் இலை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான்.

ஒரு செவிலியரின் தோட்டம்

எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. அங்கே இருப்பவர் யாழ்ப்பாணத்துப் பெண். வேலை செவிலியர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அதில் பாதி இரவு. கணவருக்கு மாலை நேர வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு நிலம். யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் வாழையும் முற்றத்தில் முருங்கையும் பார்த்து வளர்ந்தவருக்கு அதைச் சும்மா விட மனம் வரவில்லை.

2021இல் தக்காளி வைத்தார், பசளி வைத்தார், கொத்தமல்லி, லெட்டூஸ் எல்லாம் வைத்தார். ஸ்காட்லாந்தின் கோடைப் பகல் பதினேழு மணி நேரத்துக்கும் மேல் நீளும். அந்த நீண்ட பகலைக் கண்டதும் பசளி இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூக்கத் தொடங்கியது. கொத்தமல்லியும் அப்படியே. லெட்டூஸை நத்தை தின்றது. தக்காளி ஓரளவு காய்த்தது, ஆகஸ்ட் மழையில் கருகல் நோய் வந்து ஒரே வாரத்தில் இலை, தண்டு, காய் எல்லாம் கறுத்துவிட்டன. அந்த வாரம் அவருக்குத் தொடர்ந்து நான்கு இரவு வேலை. பார்த்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

செப்டம்பரில் அந்த இடம் முழங்கால் உயரக் களையாக இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி உண்டு. வீட்டு உரிமையாளர் வந்து பார்த்தார். சண்டை போடவில்லை, மரியாதையாகவே சொன்னார்: உங்களுக்கு நேரம் இல்லை என்று புரிகிறது, 2023 வசந்தத்தில் இந்த இடம் முழுக்க சிமெண்ட் பலகை பதித்துவிடலாம், உங்களுக்கும் தொல்லை விட்டது.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. கையில் ஒரே ஒரு வருடம் இருந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் வேலிக்கு மேலாக ஒரு யோசனை சொன்னார். இந்த ஊரில் நேரம் இல்லாதவர்கள் கேல் வைப்பார்கள், எங்கள் பாட்டி வைத்தார், அவருக்கும் நேரம் இருந்ததில்லை என்றார்.

நேரம் இல்லாத பாட்டிகள்

அந்த முதியவர் சொன்னது வெறும் குடும்பக் கதை இல்லை, ஸ்காட்லாந்தின் சரித்திரமே அதுதான். பழைய ஸ்காட்ஸ் பேச்சில் "கேல்" என்றால் கீரை மட்டுமில்லை, கீரை போட்ட கஞ்சிச் சாறும் கேல், சில சமயம் மதியச் சாப்பாடே கேல். நாம் "சோறு சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும்போது சோறு என்பது மொத்தச் சாப்பாட்டையும் குறிக்கிறதல்லவா, அது மாதிரி. வீட்டை ஒட்டிய காய்கறித் துண்டுக்குப் பெயர் கேல்யார்டு. 1890களில் ஜே.எம். பாரி போன்றவர்கள் எழுதிய கிராமத்துக் கதைகளைக் கிண்டலாகக் "கேல்யார்டு இலக்கியம்" என்று விமர்சகர்கள் அழைக்கும் அளவுக்கு அந்தச் சொல் கிராமத்து வாழ்க்கைக்கே அடையாளமாக இருந்தது.

உருளைக்கிழங்கு ஸ்காட்லாந்தில் சாதாரண மக்களின் உணவானது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்னால் ஏழைக் குடியானவன் வயிறு ஓட்ஸையும் கேலையும் நம்பியிருந்தது. பகல் முழுக்க அடுத்தவன் நிலத்தில் வேலை, கடலோரமாக இருந்தால் மீன்பிடி, வீட்டில் ஆடு, மாடு, நூல் நூற்பு. அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் "தினமும் மாலை அரை மணி நேரம் செடிகளோடு செலவிடுங்கள்" என்று சொன்னால் சிரிப்பாள். வாசலைத் தாண்டினால் கைக்கு எட்டும் இடத்தில், பனியிலும் நிற்கும் ஒரு கீரை அவளுக்கு வேண்டியிருந்தது.

அதற்காக அவர்கள் உழைக்கவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாண்ட் தீவுகளில் இன்றும் மலைச் சரிவுகளில் சின்னச் சின்ன வட்டக் கல் சுவர்கள் இருக்கின்றன. கூரை கிடையாது. அவற்றின் பெயர் பிளாண்டிகிரப். உள்ளே கேல் நாற்று வளர்ப்பார்கள். சுவர் எதற்கு? ஒன்று, ஆட்டுக்கு. இரண்டு, காற்றுக்கு. மரமே அரிதான அந்தத் தீவில் உப்புக் காற்று இளம் நாற்றைச் சாகடித்துவிடும். கல் சுமந்து சுவர் கட்டுவது பெரிய வேலை. ஆனால் அது ஒரு தடவை வேலை. ஒரு தடவை கட்டிவிட்டால் பல வருடம் நாற்று பிழைக்கும்.

குறைந்த உழைப்புத் தோட்டம் என்பதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் வேலையை, ஆரம்பத்திலேயே சேர்த்து ஒரே நாளில் செய்துவிடுவது!

ஆறு மணி நேரக் கணக்கு

2022இல் அந்தச் செவிலியர் செய்த வேலைகளைக் கணக்குப் போட்டால் இப்படி வரும்.

ஏப்ரல் கடைசியில், ஜன்னலோரத்தில் ஒரு தட்டில் விதை போட்டார். ஒரு சென்டிமீட்டர் ஆழம். அரை மணி நேர வேலை. பத்து நாளுக்குள் முளைத்துவிட்டது. கேல் விதை அவ்வளவு பிகு செய்யாது.

ஜூன் நடுவில் நாற்றுக்கு ஐந்தாறு இலை வந்தபோது நடவு. மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது செடி. செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். அந்த இடைவெளியைப் பார்க்கும்போது வீணாகத் தெரியும், நடுவில் இன்னும் நான்கு செருகலாம் என்று கை அரிக்கும். செருகக் கூடாது. ஆகஸ்டில் இலைகள் ஒன்றையொன்று தொட்டுத் தரையை மூடும். தரை இருட்டானால் களை வராது. இடைவெளியைச் சரியாக விடுவது, களை பிடுங்கும் வேலையை முன்கூட்டியே குறைத்துவிடுவது. அதுவரைக்கும் மட்டும் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் செடிகளுக்கு நடுவில் விரித்து, மேலே மக்கிய உரம் போட்டார்.

நடும்போது முதியவர் சொன்ன ஒரு சோதனை உண்டு. கடைசி இலையின் அடி மண்ணைத் தொடும் அளவுக்கு ஆழமாக நட்டு, சுற்றிலும் காலால் அழுத்தி மிதிக்க வேண்டும். பிறகு ஒரு இலையின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும். இலை கிழிந்தால் நடவு சரி. செடி கையோடு வந்தால் மறுபடி நடு! கேல் இரண்டு அடி, மூன்று அடி உயரம் போய்க் குளிர்காலப் புயலில் நிற்க வேண்டிய செடி. அடி தளர்ந்தால் ஆடி ஆடி வேர் அறுந்துவிடும். மிதித்து நட்டதற்கு ஆன நேரம் பத்து நிமிஷம், டிசம்பரில் முட்டுக்கொடுக்கும் வேலை மிச்சம்.

பிறகு வலை. இதுதான் மிக முக்கியம். இங்கேதான் முதல் அடியும் விழுந்தது.

வெள்ளை வண்ணத்துப்பூச்சி

ஐரோப்பாவில் கோஸ் இனத்தின் பெரிய எதிரி பார்க்க மிக அழகானது. வெள்ளைச் சிறகு, நுனியில் கறுப்பு. கோடையில் வந்து இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். முட்டை பொரிந்தால் புழுக்கள் கூட்டமாகவே தின்னும். ஒரு வாரம் கவனிக்காவிட்டால் இலையில் நரம்பு மட்டும் மிஞ்சும், மீன் தின்ற பிறகு தட்டில் கிடக்கும் முள்ளைப் போல.

வலை போட்டிருந்தார். ஆனால் மூலையில் இருந்த இரண்டு செடிகள் வளர்ந்து வலையை முட்டிக்கொண்டு நின்றன. வண்ணத்துப்பூச்சிக்கு உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை, வெளியில் உட்கார்ந்தபடியே வலைக் கண் வழியாக இலையில் முட்டை இட்டுவிட்டது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது இரண்டு செடியும் எலும்புக்கூடு.

2021ஆம் வருடத் தக்காளி நினைவு வந்திருக்கும். ஆனால் இந்த முறை கதை வேறு மாதிரிப் போனது. மூத்த பிள்ளையும் அவருமாக இருபது நிமிஷத்தில் புழுக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். வலையை இன்னும் உயர்த்தினார்கள். நான்கு மூலையிலும் நீளமான கம்பு நட்டு, தலையில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து, அதன்மேல் வலையைப் போர்த்தினார்கள். கம்பின் முனை வலையைக் கிழிக்காது, வலையும் இலையைத் தொடாது. தின்னப்பட்ட இரண்டு செடிகளிலும் உச்சிக் குருத்து தப்பியிருந்தது. செப்டம்பர் முடிவில் அவை மறுபடி இலை விட்டிருந்தன.

கருகிய தக்காளி திரும்பாது. கேலுக்குக் குருத்து இருக்கும்வரை மறுவாய்ப்பு உண்டு. வேலைக்குப் போகிறவர் தோட்டத்தில் ஏதாவது ஒன்று ஒரு தடவை கெட்டே தீரும். கெட்ட பிறகு எழுந்து நிற்கிற செடி எது என்பதுதான் கேள்வி.

விதைத்தது, நட்டது, வலை கட்டியது, திருத்தியது, வாரம் பத்து நிமிஷம் இலையைத் திருப்பிப் பார்த்தது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரத்துக்குள் வந்தது. தண்ணீர் ஊற்றும் வேலையை முதல் சில வாரத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து வானமே பார்த்துக்கொண்டது.

முருங்கை மாதிரி

அக்டோபரில் இலை எடுக்கத் தொடங்கினார். விதி எளிது. அடியில் இருக்கும் இலைகளை ஒரு செடிக்கு இரண்டு மூன்று, கீழ்நோக்கி அழுத்தி முறிக்க வேண்டும். உச்சியைத் தொடக் கூடாது. ஒன்பது செடியிலிருந்து இரண்டு இரண்டு என்றால் பதினெட்டு இலை, நான்கு பேருக்கு ஒரு வேளைக் கீரை.

ஒரு நாள் போனில் வீடியோவைப் போட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காட்டினார்.

"உதென்ன பிள்ளை, பரட்டைத் தலையோட நிக்குது?"

"கேல் அம்மா. கோவா இனம்."

"கோவா எண்டால் உருண்டை எங்க?"

"இது உருளாது. கீழ் இலையை முறிச்சு எடுக்கிறதுதான். மேல திரும்பத் திரும்ப வரும்."

"அப்ப எங்கட முருங்கை மாதிரி எண்டு சொல்லு. வறை செய்து பாரன்."

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லண்டனிலும் டொராண்டோவிலும் இலங்கைத் தமிழர் வீடுகளில் கேல் வறை இப்போது சாதாரணம். நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டி மிக மெல்லியதாக அரிய வேண்டும். அரிவது பொடியாக இல்லாவிட்டால் மாடு மெல்லுவது போல மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்! கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் போட்டு, கீரையைப் போட்டு வதக்கி, கடைசியில் தேங்காய்ப்பூ. இறக்கிய பிறகு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. ஆங்கிலேயர்கள் இதைப் பச்சையாகச் சாலட்டில் போட்டுவிட்டு ஏன் கசக்கிறது என்று கேட்கிறார்கள். தேங்காய் என்ற ஒன்று இருப்பதை யாராவது அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

பனி செய்யும் சமையல்

2022 டிசம்பரில் பிரிட்டன் முழுக்கக் கடும் உறைபனி. ஸ்காட்லாந்தின் ப்ரேமார் என்ற ஊரில் மைனஸ் 17.3 டிகிரி வரை இறங்கியது. எடின்பரோ பக்கத்தில் அவ்வளவு இல்லை என்றாலும், காலையில் பார்த்தால் கேல் இலைகள் கண்ணாடி மாதிரி விறைத்துத் தலை குனிந்து நின்றன. எல்லாம் போயிற்று என்றே தோன்றும். பனி உருகியதும் இலைகள் மெல்ல நிமிர்ந்தன.

இது மாயம் இல்லை. குளிர் வரும்போது கேல் தன் இலையில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த நீர், வெறும் நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். அது செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை. நமக்குக் கிடைக்கும் லாபம், கீரை இனிப்பாகிறது. அக்டோபர் கேலைவிட ஜனவரி கேல் ருசி. ஜெர்மனியில் பிரேமன், ஓல்டன்பர்க் பக்கம் குளிர்காலத்தில் கேல் சாப்பிடுவதற்கென்றே நண்பர்கள் கூட்டமாக நடைப்பயணம் போவார்கள் என்றால் பாருங்கள்.

குளிர்காலத்தில் வலையைக் கழற்றக் கூடாது. வண்ணத்துப்பூச்சி போய்விட்டிருக்கும், ஆனால் பசியோடு புறா வரும்.

தக்காளிக்குக் கட்டுப்பாடு வந்த மாதம்

2023 பிப்ரவரியில் பிரிட்டனில் ஒரு விசித்திரமான காட்சி. ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் வானிலை கெட்டு விளைச்சல் குறைந்ததால், பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் சில தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய்க்கு அளவு வைத்தன. ஆளுக்கு இரண்டு மூன்று பாக்கெட்டுக்கு மேல் கிடையாது. உணவுத் துறையையும் கவனித்த அமைச்சர் நாடாளுமன்றத்தில் டர்னிப் மாதிரியான பருவக் காய்களைப் பற்றிப் பேசி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானார். அந்த மார்ச்சில் உணவுப் பொருள்களின் விலை, முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டால் 19 சதவீதத்துக்கும் மேல் ஏறியிருந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை.

அமைச்சரைக் கேலி செய்தது செய்ததுதான். ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருந்தது. பிரிட்டன் விவசாயத்தில் "பசி இடைவெளி" என்று ஒரு பருவம் உண்டு. ஏப்ரல், மே மாதங்கள். குளிர்காலக் காய்கள் முடிந்துவிடும், புதுப் பயிர் இன்னும் வந்திருக்காது. வெளியே எல்லாம் பச்சையாகப் பூத்துக் குலுங்கும், சமையலறையில் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் தாக்குப்பிடிக்கும் ஒரு சில பயிர்களில் கேல் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1939இல், வெளிநாட்டு உணவுக் கப்பல்களை நம்ப முடியாத நிலையில் "வெற்றிக்காகத் தோண்டுங்கள்" என்று அரசு மக்களைத் தோட்டம் போடச் சொன்னது. அந்தத் தோட்டங்களில் கேலுக்கு நிரந்தர இடம் இருந்தது.

அந்த வீட்டில் 2023 பிப்ரவரியில் தக்காளி இல்லை. பின்வாசலில் ஒன்பது செடி இருந்தது. அது குடும்பச் செலவைப் பாதியாக்கிவிட்டது என்றெல்லாம் சொன்னால் அது பொய். வாரத்தில் இரண்டு நாள் கீரை வாங்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் இரவு வேலை முடித்து வந்தவர் கடைக்குப் போகாமல், கத்தரிக்கோல்கூட இல்லாமல், வாசலைத் திறந்து இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கறி எடுக்க முடிந்தது. களைத்தவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மார்ச்சில் வீட்டு உரிமையாளர் அளவு நாடாவோடு வந்தார். களை இல்லாத சதுரமும், அட்டை விரித்த ஓரமும், வலையும் பார்த்தார். முழுக்கச் சிமெண்ட் என்ற பேச்சு அன்றைக்கு முடிந்தது. துணி காயப்போடும் பக்கம் மட்டும் பலகை பதித்தார். பாதி நிலம் போனது, பாதி நிலம் மிஞ்சியது.

ஏப்ரலில் செடிகள் நடுவில் தண்டு விட்டு மொட்டு வைத்தன. கேல் ஈராண்டுப் பயிர். முதல் வருடம் இலை, ஒரு குளிர்காலம் தாண்டியதும் பூ. அந்த மொட்டுத் தண்டையும் ஒடித்துப் புரோக்கோலி போலவே சமைக்கலாம். மிஞ்சியவை மஞ்சளாகப் பூத்துத் தேனீக்களுக்குப் போயின.

வாரத்தைத் தள்ளும் கீரை

கேல் குளிர்நாட்டுக்காரர்களின் சொத்து மட்டுமில்லை. கென்யாவின் மேட்டு நிலங்களிலும் இது அன்றாட உணவு. அங்கே கேல் வகைக் கீரைக்கு சுவாஹிலி மொழியில் "சுகுமா விக்கி" என்று பெயர். அர்த்தம், "வாரத்தைத் தள்ளு". கையில் காசு தீர்ந்து, சம்பளம் வர இன்னும் சில நாள் இருக்கும்போது, உகாலி என்ற சோளக்களியோடு சாப்பிட்டு வாரத்தை ஓட்ட உதவும் கீரை. இதைவிட நேர்மையான பெயர் ஒரு கீரைக்கு இருக்க முடியுமா?

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் நடந்த வன்முறையில், நைரோபியின் கிபேரா என்ற நெருக்கமான குடிசைப் பகுதிக்கு உணவு வருவது தடைப்பட்டது. அதன் பிறகு 2008இல் அங்கே சாக்குத் தோட்டங்கள் பரவின. நிலமே கிடையாது. ஒரு சாக்கில் மண்ணை நிரப்பி, நடுவில் தண்ணீர் இறங்கக் கல் அடுக்கி, மேலே மட்டுமில்லாமல் சாக்கின் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு நாற்று நடுவார்கள். ஒரு சாக்கு நிற்கும் இடத்தில் பல டஜன் செடி! அதிலும் சுகுமா விக்கிக்குத்தான் முதலிடம்.

ஷெட்லாண்டின் கல் சுவர், எடின்பரோவின் பாட்டில் மாட்டிய கம்பு, கிபேராவின் சாக்கு. மூன்றுக்கும் நடுவில் கடலும் கண்டமும் இருக்கின்றன. மூன்றையும் செய்தவர்கள் வேறு வேலை ஆயிரம் உள்ளவர்கள்.

சில எச்சரிக்கைகள்

கேலைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டாம். வேர்முடிச்சு நோய் என்று ஒன்று உண்டு. வேர் தடித்துக் கிழங்கு போலாகி, செடி வாடிப்போகும். ஒரு தடவை மண்ணில் வந்துவிட்டால் பல வருடம் போகாது. புளிப்பு மண்ணில் அது அதிகம், சுண்ணாம்பு போடுவது உதவும். ஒரே இடத்தில் வருடா வருடம் கோஸ் இனத்தை வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கேலில் வைட்டமின் கே மிக அதிகம். ஒரு வாரம் நிறைய, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று சாப்பிட்டால் மருந்தின் அளவு குழம்பும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு மதுரையிலோ மட்டக்களப்பிலோ கேல் விதை தேடி அலைய வேண்டாம். அது குளிர் விரும்பும் செடி. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவுக்குச் சரி. சமவெளி வெயிலில் அதை வளர்ப்பது குறைந்த உழைப்பு இல்லை, கூடுதல் உழைப்பு. கேல் ஸ்காட்லாந்தில் சுலபம், ஏனென்றால் அந்த மழையும் பனியும் பாதி வேலையைச் செய்கின்றன. நம் வெயில் யாருக்காகப் பாதி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வேலியோரத்து முருங்கை, கொடிப்பசலை, ஒரு தடவை நட்டால் வருடக்கணக்கில் நிற்கும் கறிவேப்பிலை, இவைதான் நம் கேல்.

தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் விதைக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில், அடுத்த ஆறு மாதத்தில் வாரம் எத்தனை மணி நேரம் உண்மையாகவே கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள். ஆசையில் எழுதாமல் பரீட்சை, ஷிப்ட், காய்ச்சல் எல்லாவற்றையும் கழித்து எழுதுங்கள். வரும் எண் சின்னதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தச் சின்ன எண்ணுக்குள் அடங்கும் செடி எது என்று மட்டும் தேடுங்கள். பிறகு அதற்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதியை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்: இடைவெளி விட்டு நடுங்கள், அழுத்தி மிதியுங்கள், வலையை உயரமாகக் கட்டுங்கள். மீதியைச் செடி பார்த்துக்கொள்ளும்.